தேவை எழுந்த இடம்

1974ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் காரைக்கால் தருமபுரத்துக் கால்பந்துத் திடலில் இருந்த மூங்கில் கோல் கம்பங்கள் நான்கும் சாய்ந்தன. மூன்றை யாரோ அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நான்காவது எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது.

தருமபுரம் அணிக்குக் கோல் காத்தவர் கோவிந்தராசு. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. கூட்டுறவு சங்கத்தில் உரமூட்டை எடைபோடும் வேலை. அணியில் கையெழுத்து நன்றாக இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் செயலாளர் பொறுப்பையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். வலை கட்ட மரக் கம்பம் நான்கும் குறுக்குச் சட்டம் இரண்டும் வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்துக்கு அவர் ஒரு மனு எழுதினார். எழுதிப் பார்த்தபோது அது மிகவும் சின்னதாக இருப்பதுபோலத் தோன்றியது. அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘கால்பந்து ஆடுவதற்கு நம் நாட்டில் முறையான ஓர் இடம் இல்லாதது மிகவும் வருந்தத்தக்கது.’

கொம்யூன் பஞ்சாயத்தில் மனுவைப் படித்தவர், கம்பம் மின்சாரத் துறையைச் சேர்ந்தது என்று அங்கே அனுப்பினார். மின்சாரத் துறை, வலை வருகிறதே என்று மீன்வளத் துறைக்கு அனுப்பியது. மீன்வளத் துறைதான் முதன்முதலாகக் கடைசி வரிவரை படித்தது. ‘நம் நாட்டில்’ என்று இருந்ததால் இது காரைக்கால் விஷயமும் இல்லை, புதுச்சேரி விஷயமும் இல்லை என்று தீர்மானித்து டெல்லிக்கு அனுப்பிவைத்தது. டெல்லியில் அதை இங்கிலீஷில் பெயர்த்தவர் கம்பம், வலை எல்லாம் உள்ளூர்ச் சமாசாரம் என்று விட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் அழகாகப் பெயர்த்தார்.

ஒன்பது மாதம் கழித்து இரண்டு ஜீப்புகளும் ஒரு லாரியும் காரைக்காலுக்கு வந்தன. லாரியில் மேசை, நாற்காலி, பீரோ, முள்கம்பிச் சுருள்கள். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரன் காலத்து மாடிவீடு ஒன்றில் ஒரு பலகை மாட்டினார்கள்: ‘தேசியக் கால்பந்து அரங்கத் தேவை ஆராய்வுக் குழு.’ இந்த நாட்டுக்குத் தேசியக் கால்பந்து அரங்கம் ஒன்று தேவையா, தேவையில்லையா என்று கண்டறிய வேண்டியது குழுவின் பணி. தேவை எந்த இடத்தில் எழுந்ததோ அந்த இடத்திலேயே விசாரணை நடக்க வேண்டும் என்பது விதி.

மறுநாள் காலை திடலைச் சுற்றி முள்வேலி போட ஆரம்பித்தார்கள். கோவிந்தராசு சைக்கிளில் ஓடிவந்தார். அங்கே நின்றுகொண்டிருந்தவர் குழுவின் செயலர் வைத்தியலிங்கம். திருநள்ளாற்றுப் பக்கம் சொந்த ஊர். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பதுபோலவே சொல்வார்.

“சார், கம்பம் நட வந்திருக்கீங்களா?”

“இல்லீங்க. வேலி.”

“வேலி எதுக்கு சார்? நாங்க சாயங்காலம் ஆடணுமே.”

“ஆடக் கூடாதுங்க.” வைத்தியலிங்கம் வருத்தத்தோடு சொன்னார். “தேவை எழுந்த எடம்னா அது எந்த நெலமையில இருந்துச்சோ அந்த நெலமையிலேயே இருக்கணும். நீங்க உள்ள போயி ஆடிட்டீங்கன்னா, ஆட எடம் இருக்குன்னு ஆயிடும். அப்புறம் தேவை கலைஞ்சு போயிடும்.”

“எத்தன நாளைக்கு?”

“விசாரணை முடியற வரைக்குந்தான்.” பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “நீங்கதானே மனுதாரர்? இது ஒங்களுக்குங்க.”

அந்த உத்தரவில் இரண்டு விஷயங்கள் இருந்தன. மனுதாரர் ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்குக் குழுவின் முன் வந்து கையெழுத்திட வேண்டும். விசாரணை முடியும்வரை மனுதாரர் காரைக்கால் பகுதியின் எல்லையைத் தாண்டக் கூடாது.

கோவிந்தராசு அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓரளவு பெருமையாகக்கூட இருந்தது. டெல்லியிலிருந்து ஒரு குழு தன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று மனைவி வடிவாம்பாளிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூட வாத்தியார். உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, “இதுல தேதி போடலையே, எப்ப முடியும்னு?” என்று கேட்டாள்.

*

குழுவின் தலைவர் கும்பகோணத்தில் பிறந்து முப்பது வருடம் டெல்லியில் இருந்தவர். இதற்குமுன் மூன்று குழுக்களுக்குத் தலைமை வகித்தவர். அவற்றில் ஒன்றுகூட முடிந்ததில்லை என்பதால் அவரை நம்பி இதையும் ஒப்படைத்திருந்தார்கள். கால்பந்தை அவர் நேரில் பார்த்ததில்லை. நடுநிலை தவறிவிடக்கூடாது என்பதற்காக இனிமேலும் பார்ப்பதில்லை என்று முதல் அமர்விலேயே அறிவித்தார்.

“ஒரு நாட்டுக்கு எது தேவை என்பதை ஆத்திரப்பட்டுத் தீர்மானிக்க முடியாது,” என்று அவர் பேசத் தொடங்கினார். மாடிவீட்டுக் கூடத்தில் பதினான்கு அலுவலர்களும் கோவிந்தராசுவும் உட்கார்ந்திருந்தார்கள். “அரங்கம் இல்லாததால் நல்ல அணி உருவாகவில்லை என்கிறார்கள். நல்ல அணி இல்லாததால் அரங்கம் தேவைப்படவில்லை என்றும் சொல்கிறார்கள். நான் இரண்டையும் ஏற்கிறேன். இரண்டும் இல்லாத இந்த நிலையில் ஓர் அமைதி இருக்கிறது, பார்த்தீர்களா? அதைக் குலைப்பதற்கு முன் நாம் நூறு முறை யோசிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை யோசித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.”

அலுவலர்கள் கைதட்டினார்கள்.

“மனுதாரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?”

கோவிந்தராசு எழுந்தார். “அய்யா, நான் ஸ்டேடியம் கேக்கலீங்க. நாலு கம்பந்தான் கேட்டேன்.”

தலைவர் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். வைத்தியலிங்கம் கோப்பைப் புரட்டிவிட்டு, “கம்பம் பத்தி நம்ம ஃபைல்ல ஒண்ணும் இல்லீங்க,” என்றார்.

“மனுதாரர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்,” என்றார் தலைவர். “பதிவு செய்துகொள்ளுங்கள். தேவை ஆழமானது என்பதற்கு அது ஒரு சான்று.”

இப்படியே புதன்கிழமைகள் போயின. கால்பந்து என்றால் என்ன என்பதை வரையறுக்க ஒன்றரை வருடம் ஆனது. தேசியம் என்றால் என்ன என்பதை ஒரு துணைக்குழுவிடம் விட்டார்கள். அந்தத் துணைக்குழு மாஹேயில் கூடியது. மாஹேயின் மழை அவர்களுக்குப் பிடித்துப்போனதால் திரும்பி வரவில்லை.

திடலுக்கு மருதையன் என்று ஒருவரைக் காவலுக்குப் போட்டார்கள். மண்டபத்தூர்க்காரர். முன்பு கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர். இடுப்பில் அடிபட்டபின் கரையில் வேலை தேடியவர். வேலியின் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தினமும் மாலை ஒரு பதிவேட்டில் ஒரே வரியை எழுத வேண்டும்: ‘இன்று யாரும் ஆடவில்லை.’ யாராவது பந்தோடு வந்தால் அவர் எழுந்து நின்று, “எனக்கு மூணு பொண்ணுப்பா,” என்பார். வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

*

1977 ஜூன் மாதம் வடிவாம்பாளுக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது.

காரைக்காலும் ஏனாமும் ஒரே ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் நடுவில் தமிழ்நாடும் ஆந்திராவும் கிடக்கின்றன. ஒன்றரை நாள் பயணம். வேலையை விட்டால் மறுபடி கிடைக்காது. கைக்குழந்தை பங்கஜவல்லிக்கு ஒரு வயது.

“நீங்களும் வந்துடுங்க. அங்கயும் சொசைட்டி இருக்கு. கேட்டுப் பாத்தேன், எடம் இருக்காம்,” என்றாள் வடிவாம்பாள்.

கோவிந்தராசு மறுநாளே மாடிவீட்டுக்குப் போய் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். வைத்தியலிங்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது ஆவாதுங்களே.”

“ஏன் சார்? நாந்தானே எழுதுனேன். நானே வேணாங்கறேன்.”

“எழுதுனது நீங்கதாங்க. ஆனா சொன்னதுக்கப்புறம் அது ஒங்க தேவை இல்ல. நாட்டுத் தேவை. நீங்க வாபஸ் வாங்கணும்னா, நாட்டுக்குத் தேவை இல்லன்னு நிரூபிக்கணும்.”

“அதெப்புடிங்க நிரூபிக்கறது?”

“அதத்தாங்க நாங்க விசாரிச்சுக்கிட்டிருக்கோம்.”

“சரி. மனு இருக்கட்டும். நான் ஏனாம் போயிடறேன். பொண்டாட்டி புள்ளைய அனுப்பிட்டு நான் மட்டும் இங்க என்ன சார் பண்றது?”

“மனுதாரர் இல்லாம கூடுனா அமர்வு செல்லாதுங்க.” வைத்தியலிங்கம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “இந்த ஆபீஸ்ல பதினாலு குடும்பம் இருக்கு. எல்லாரும் ஒங்க கையெழுத்துலதாங்க நிக்கிறோம்.”

வடிவாம்பாள் குழந்தையோடு ரயிலேறினாள். வழியனுப்ப கோவிந்தராசுவால் நாகப்பட்டினம் ரயிலடிவரைகூடப் போக முடியவில்லை. அது தமிழ்நாடு. கீழவாஞ்சூரில், எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று, பஸ் போவதைப் பார்த்தார்.

அதன்பின் அவர் காரைக்கால் எவ்வளவு சின்னது என்பதைக் கண்டுபிடித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு எல்லைப் பலகை வந்துவிடும். கிழக்கே போனால் கடல். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கல்யாணம், சாவு எதற்கும் போக முடியவில்லை. பெரியப்பா இறந்தபோது பாடையைத் தூக்கிக்கொண்டு எல்லையோரமாக வந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். அவர் இந்தப் பக்கம் நின்று கும்பிட்டார்.

1979இல் ஒரு தடவை தப்பிக்கப் பார்த்தார். வியாழக்கிழமை காலை நாகூர் பஸ்ஸில் ஏறி, துண்டால் தலையை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழவாஞ்சூர் செக்போஸ்டில் போலீஸ்காரர் சாராயப் புட்டி தேட உள்ளே ஏறினார். பைகளைத் துழாவிக்கொண்டே வந்தவர் கோவிந்தராசு முகத்தைப் பார்த்து நின்றார்.

“எறங்குங்க.”

“எங்கிட்ட புட்டி எதுவும் இல்லீங்களே.”

“புட்டி இருந்தா விட்டுருப்பேனே. எறங்குங்க.”

செக்போஸ்ட் சுவரில் சாராயம் கடத்துகிறவர்கள் படம் ஏழெட்டு ஒட்டியிருந்தது. நடுவில், மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக, கோவிந்தராசுவின் கல்யாணப் போட்டோ இருந்தது. வடிவாம்பாளை வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே ‘மனுதாரர்’ என்று எழுதியிருந்தது.

அரைமணி நேரத்தில் ஜீப் வந்தது. வைத்தியலிங்கம் இறங்கி ஓடிவந்தார். திட்டவில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தார். வழிநெடுக, “ஒங்களுக்கு எங்க மேல என்னங்க கோவம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

*

அடுத்த வருடம் பார்வையாளர் ஆய்வு நடந்தது. அரங்கம் ஒன்று கட்டினால் மக்கள் உட்காருவார்களா என்பதை அறிவியல் முறைப்படி கண்டறிய வேண்டும் என்று டெல்லி கேட்டிருந்தது. சித்திரை மாத வெயிலில் திடலின் ஓரமாக நாற்பது நாற்காலிகளைப் போட்டு, ஊரிலிருந்து நாற்பது பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். திடலில் யாரும் இல்லை. ஆட அனுமதி இல்லை. காலியான திடலை அவர்கள் தொண்ணூறு நிமிடம் பார்க்க வேண்டும்.

அதில் சேக் பரீதும் உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவில் டீக்கடை வைத்திருப்பவர். முன்பு அணியின் சென்டர் ஃபார்வர்டு. நாற்பதாவது நிமிடத்தில் அவர் தாளமாட்டாமல் எழுந்து, “கோல்!” என்று கத்தினார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஓர் அலுவலர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆட்டம் இல்லாமலேயே மக்கள் உற்சாகம் அடைவதால், அரங்கம் கட்டினாலும் ஆட்டம் அவசியமில்லை என்று இடைக்கால அறிக்கையில் எழுதினார்கள்.

வடிவாம்பாள் ஒவ்வொரு மே மாதமும் குழந்தையோடு வந்து இருபது நாள் இருப்பாள். ஒவ்வொரு வருடமும் பங்கஜவல்லியின் பேச்சில் தெலுங்கு கூடிக்கொண்டே வந்தது. ஐந்து வயதில் அவரை “நான்னா” என்று கூப்பிட்டாள். அப்பா என்று அர்த்தம் என வடிவாம்பாள் சொன்னாள். குழந்தை வேறு யாரையோ கூப்பிடுவதுபோலவே கோவிந்தராசுவுக்குப் பட்டது. அவர் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் இறைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பெரிய அரங்கமே கட்டிவிட்டார்கள் என்று பேப்பரில் படம் வந்தது. கோவிந்தராசு பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிவீட்டுக்கு ஓடினார்.

“அய்யா, கட்டிட்டாங்க! இனிமே தேவையான்னு பாக்க என்ன இருக்கு?”

தலைவர் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “சுற்றிலும் ஓட்டப்பந்தயப் பாதை போட்டிருக்கிறார்கள். இது எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது. கால்பந்துக்கென்று தனியாக ஒன்று தேவையா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.” அவர் பெருமூச்சு விட்டார். கோவிந்தராசு அதை ஏமாற்றம் என்று நினைத்தார். நிம்மதி என்பது பிறகுதான் புரிந்தது.

*

1985 மே மாதம் டெல்லியிலிருந்து ஒரு தந்தி வந்தது. முப்பது நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குழு கலைக்கப்படும். சொன்னாலும் கலைக்கப்படும்.

மாடிவீட்டில் இழவு விழுந்ததுபோல ஆனது. இரண்டு நாள் யாரும் டீ குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தலைவர் மருதையனின் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொன்னார். பத்து வருடம். அத்தனை பக்கத்திலும் ஒரே வரி.

“சான்று தெளிவாக இருக்கிறது,” என்றார் தலைவர். “பத்து ஆண்டுகளாக நாம் இந்த இடத்தை ஒரு நாள் விடாமல் கவனித்திருக்கிறோம். ஒருவர்கூடக் கால்பந்து ஆடவில்லை. ஆட ஆள் இல்லாத நாட்டுக்கு அரங்கம் எதற்கு?”

“அய்யா, வேலி போட்டுட்டீங்களே!” என்றார் கோவிந்தராசு.

“வேலி தடையே அல்ல. உண்மையான தேவை என்றால் தாண்டியிருப்பார்கள்.”

தேவை இல்லை என்று மனுதாரர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இட்டால் அன்றைக்கே விடுதலை. வைத்தியலிங்கம் தாளை அவர் கையில் கொடுத்து, நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். அதில் இருந்தது இதுதான்: ‘இவ்வூரில் யாரும் கால்பந்து ஆடுவதில்லை, ஆட விரும்புவதும் இல்லை.’

வடிவாம்பாள் அப்போது லீவில் வந்திருந்தாள். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சோறுகூடத் தின்னாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“போடுங்க.”

“பத்து வருஷமா பூட்டி வச்சுட்டு ஆடலன்னு எழுதச் சொல்றாங்க. நா எப்புடிப் போடுவேன்? சேக் பரீது மொகத்துல எப்புடி முழிப்பேன்?”

“அவரு மொகத்துல எட்டு வருஷமா தெனம் முழிச்சீங்க. எம்மொகத்துல எத்தன நாளு முழிச்சீங்க?” அவள் சத்தமில்லாமல்தான் கேட்டாள். “பொய்யின்னா அது அவங்க பொய்யி. நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க.”

கோவிந்தராசு கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நல்ல கையெழுத்து அன்றைக்குக் கோணலாக விழுந்தது.

மறுநாள் மாலை சேக் பரீதிடம் சொல்லிக்கொள்ளப் போனார். சேக் பரீது தாளில் என்ன இருந்தது என்று கேட்டார். கோவிந்தராசு மறைக்கவில்லை. சேக் பரீது டீ ஆற்றினார்.

“எட்டு வருஷம் பொண்டாட்டி புள்ள இல்லாம கெடந்தே. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன் ராசு. ஆனா நா ஆட விரும்பலன்னு எழுதுன பாரு, அது மட்டும் தொண்டையில நிக்கிது.” கடைக்குள் போய், கடையில் தொங்கிக்கொண்டிருந்த மகனுடைய பந்தை எடுத்துவந்தார். “வா. ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் நீ போ.”

வழியில் பழைய ஆட்கள் ஒன்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தொப்பை விழுந்திருந்தது. ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி. திடல் வாசலில் மருதையன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள்.

“மூணு பொண்ணையும் கட்டிக் குடுத்துட்டேங்க,” என்றார் மருதையன். சாவியைத் திருப்பினார்.

உள்ளே இடுப்பளவு கோரை. பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கால் தடுக்கி விழுந்தார்கள், எழுந்தார்கள், ஒருவரையொருவர் வைதார்கள். கோவிந்தராசு இரண்டு செருப்புகளுக்கு நடுவில் நின்று, சேக் பரீது அடித்த பந்தைப் பாய்ந்து பிடித்தார். முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. வேலிக்கு வெளியே வடிவாம்பாளோடு வந்து நின்ற பங்கஜவல்லி அப்பா பறந்ததைப் பார்த்துக் கைதட்டினாள். பத்து வருடத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. கடைசியாக ஒருமுறை இடத்தைப் பார்வையிட்டுவிட்டு அறிக்கையில் கையெழுத்திடத் தலைவரும் வைத்தியலிங்கமும் வந்திருந்தார்கள். எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். மருதையன் தொப்பியைக் கழற்றினார்.

தலைவர் வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“ஆடுகிறார்கள்,” என்றார். “வைத்தியலிங்கம், ஆடுகிறார்கள்!”

“ஆமாங்கய்யா,” என்றார் வைத்தியலிங்கம். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“அப்படியானால் தேவை இருக்கிறது. எழுதிய அறிக்கை செல்லாது. புதிய சான்று. மறு ஆய்வு. குறைந்தது ஐந்து ஆண்டு நீட்டிப்பு கேட்க வேண்டும்.” தலைவர் கோரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து கோவிந்தராசுவின் சேறு படிந்த கைகளைப் பற்றிக்கொண்டார். “மனுதாரரே, எங்களைக் காப்பாற்றிவிட்டீர்கள். புதன்கிழமை பத்து மணி. மறந்துவிடாதீர்கள்.”

*

ஜீப் போனபிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. சேக் பரீது பந்தின் மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கோவிந்தராசு கோரைக்குள் மல்லாந்து கிடந்தார்.

வடிவாம்பாள் மட்டும் டீக்கடைக்கு நடந்தாள். சேக் பரீதின் பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதினாள். எழுதிவிட்டு, கோவிந்தராசு வந்ததும் பேனாவை நீட்டினாள்.

“எங்கையெழுத்துக்குப் பக்கத்துல போடுங்க.”

“என்னது இது?”

“மனு. ஏனாம்ல ஸ்டேடியம் வேணுமின்னு. நீங்களும் நானும் மனுதாரரு.”

கோவிந்தராசு பின்வாங்கினார். “வேணாம் வடிவு. அங்க ஆடுற புள்ளைங்களோட எடத்தையும் வேலி போட்டு அடைச்சுருவாங்க.”

“அதெல்லாம் பாத்துத்தான் எழுதிருக்கேன். எடம் எதுன்னு படிங்க.”

ஏனாமை ஒட்டி ஓடும் கோதாவரியின் நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு. புரட்டாசி பிறந்தால் மூழ்கும், தை பிறந்தால் தலைகாட்டும். கொக்கைத் தவிர அங்கே யாரும் போவதில்லை. தேவை எழுந்த இடம் அதுதான் என்று அவள் எழுதியிருந்தாள். மனுவில் நாடு என்ற சொல்லை ஏழு தடவை சேர்த்திருந்தாள். அதனால் அது எங்கும் நிற்காமல் டெல்லிக்குப் போய், இரண்டே மாதத்தில் குழுவிடம் வந்து சேர்ந்தது.

தலைவர் பூரித்துப்போனார். “ஓர் ஊரில் இருந்தால் அது உள்ளூர்த் தேவை. இரண்டு ஊர்களில் இருந்தால்தான் அது தேசியத் தேவை. பத்து ஆண்டுகளாகத் துணைக்குழுவால் சொல்ல முடியாததை ஒரு வாத்தியாரம்மா சொல்லிவிட்டார்!”

வைத்தியலிங்கம்தான் சிக்கலைக் கண்டுபிடித்தார். முதல் உத்தரவின்படி கோவிந்தராசு காரைக்காலை விட்டுப் போகக் கூடாது. இரண்டாம் மனுவின்படி அவர் ஏனாமை விட்டு வரக் கூடாது. மூன்று அமர்வுகள் விவாதித்தபின், பிந்திய உத்தரவே செல்லும் என்று முடிவானது. மனுதாரர் இருக்கும் இடத்தில்தான் குழுவும் இருக்க வேண்டும். குழு இருக்கும் இடத்தில்தான் வேலியும் இருக்க வேண்டும். குழுவிடம் ஒரு வேலிதான் இருந்தது.

அடுத்த வாரம் திடலைச் சுற்றியிருந்த முள்கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். கோவிந்தராசு தனியாக எல்லை தாண்ட முடியாது என்பதால் அவரையும் லாரியில் ஏற்றி, சாமான்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்: மேசை ஒன்பது, பீரோ நான்கு, மனுதாரர் ஒன்று. கீழவாஞ்சூரில் போலீஸ்காரர் பட்டியலைச் சரிபார்த்து வழிவிட்டார். பத்து வருடத்துக்குப் பின் கோவிந்தராசு அந்தப் பலகையைக் கடந்தார். கம்பிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஏனாமில் படகுகளில் கம்பியை ஏற்றிப்போய் மணல்திட்டைச் சுற்றி வேலி போட்டார்கள். ஒரு மாதத்தில் வெள்ளம் வந்து திட்டையும் வேலியையும் சேர்த்து மூழ்கடித்தது. மருதையன் படகில் உட்கார்ந்து காவல் காத்தார். நீர் வடிந்தபின் தேவை அதே நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தலைவர் அமர்வை ஒத்திவைத்தார்.

முதல் உத்தரவைப்போலவே புதிய உத்தரவிலும் தேதி இல்லை. ஏனாம் காரைக்காலைவிடச் சின்னது. சைக்கிளில் கால் மணி நேரத்தில் எல்லை வந்துவிடும். வந்த முதல் வாரமே கோவிந்தராசு நான்கு பக்கமும் மிதித்துப் பார்த்துவிட்டு, வேர்த்துப்போய் வீட்டுக்கு வந்தார். வடிவாம்பாள் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பங்கஜவல்லி பக்கத்தில் படுத்து எதையோ தெலுங்கில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“இங்கேருந்து எப்பதான் வெளிய போவ முடியும் வடிவு?”

அவள் நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள். “எங்க போவணும் ஒங்களுக்கு?”

கோவிந்தராசு சைக்கிளை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, மகள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, “நீ படிக்கறதுக்கு என்ன அர்த்தம்?” என்று அவளிடம் கேட்டார்.